சக்கரம் கழற்றிய வீடுகள்

ஹெம்லாக் பார்க்,
நியூ ஹாம்ப்ஷயர்
1998 மார்ச் 2

அன்புள்ள தம்பி நார்மனுக்கு,

அக்கா கிளாரிஸ் எழுதுவது. இந்தக் குளிரில் என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீயும் மெரடித்தும் பாஸ்டனில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கோட்டு ரொம்ப உசத்தியான கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். யாரையோ பார்க்க வந்த பெரிய இடத்துப் பெண் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். அதிலிருந்து பூசைக்கு மட்டும் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலத்துக்காரக் கிழவன் ஹட்சின்ஸ் நம் டிரெய்லர் வீடுகள் நிற்கிற பார்க்கையே விற்கிறான். வாங்க வந்திருப்பது ஏதோ முதலீட்டுக் கம்பெனி. அவர்கள் வாங்கிய இடங்களில் எல்லாம் முதல் வேலையாகத் தரை வாடகையைத்தான் ஏற்றுகிறார்களாம். வீடு நம்முடையது, அதன் அடியில் இருக்கிற மண் நம்முடையது இல்லை. பெயருக்குத்தான் டிரெய்லர், வண்டி வீடு. இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் அச்சு எங்கே, சக்கரம் எங்கே? வந்த வருடமே கழற்றி விற்றாயிற்று. நம் வீட்டுச் சக்கரத்தை விற்ற காசில்தான் அப்பா உன் பல்லுக்குக் கம்பி கட்டினார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. குடியிருக்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து அதே விலையைக் கொடுத்தால் பார்க் நமக்கே வந்துவிடும். ஜூன் கடைசிவரை தவணை. பணத்தைக் கடனாகத் தரத் தனியாக ஒரு கடன் சங்கம் இருக்கிறது. அங்கிருந்து திருமதி ஹாத்தவே என்ற அம்மாள் வந்து தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வக்கீல் பார்த்து ஹட்சின்ஸிடம் சேர்க்க வேண்டும். அந்த அம்மாள் தன் வக்கீலைச் சொன்னாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நான் எழுந்து, என் தம்பியே வக்கீல்தான் என்று உன் பெயரைச் சொன்னேன். உடனே நம் ஆல்சீட் மாமா எழுந்துவிட்டார். "நம்ம நார்மன் இருக்கான்ல. என் வெறகு லாரிலதான் அவனையும் அவன் பெட்டியையும் ஏத்திக் காலேஜ்ல எறக்குனேன். இந்தப் பார்க்ல வெளஞ்ச ஒரே மூளை அதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

மெரடித்துக்கு என் அன்பு. உடனே எழுது.

உன் அக்கா,
கிளாரிஸ்

—

பாஸ்டன்
1998 மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலை அலட்சியம் செய்யாதே, நல்ல மருத்துவரிடம் காட்டு. நாங்கள் நலம்.

சங்கம் பற்றி எழுதியிருந்தாய். நல்ல யோசனையாகத் தோன்றலாம், ஆனால் இதில் ஆபத்துகள் உண்டு. நான் பார்க்கிறேன். அதுவரை அந்த அம்மாளிடம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எனக்குச் சில விவரங்கள் தேவை. எத்தனை வீட்டில் இன்னும் அச்சும் சக்கரமும் இருக்கின்றன? கிணறும் கழிவுத் தொட்டியும் எந்த நிலையில் இருக்கின்றன? ஹட்சின்ஸ் கடைசியாக எப்போது வாடகையை ஏற்றினார்? அப்போது யாராவது காலி செய்துகொண்டு போனார்களா? யார் யார் தவறாமல் கட்டுகிறார்கள்? ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுது.

வாங்கும் கம்பெனியின் பெயரை நீ எழுதவில்லை. பரவாயில்லை, அது முக்கியமில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்யாதே. வீட்டுக்கும் வேண்டாம், மெரடித்தின் பெற்றோர் வந்திருக்கிறார்கள். கடிதமே நல்லது.

அன்புடன்,
நார்மன்

—

ஹெம்லாக் பார்க்
1998 ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே பனி உருகிச் சேற்றுப் பருவம் தொடங்கிவிட்டது. நேற்று என் ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். ஆல்சீட் மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. மற்றபடி எல்லாரும் நடமாடுகிறோம். மாமனார் மாமியார் சுகமா? அவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும்தானே?

நீ கேட்ட கேள்விகளை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "பாத்தியா, படிச்சவன் படிச்சவன்தான். அந்த அம்மா இதுல ஒண்ணுகூடக் கேக்கல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருவருமாக உட்கார்ந்து யோசித்து எழுதுகிறோம்.

அச்சும் சக்கரமும் யாரிடமும் இல்லை. மேல்வரிசை பூதேட் வீட்டில் மட்டும் ஒரு சக்கரம் இருக்கிறது, அதில் பெத்துனியாச் செடி வைத்திருக்கிறார்கள். கிணறு நல்ல கிணறு. கழிவுத் தொட்டி கீழ்வரிசையில் வசந்தத்தில் பொங்கும், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஊர் ஆலை மூடிய வருடம் ஹட்சின்ஸ் வாடகையை ஏற்றினான். ஒருவரும் போகவில்லை. எங்கே போவது? தவறாமல் கட்டுகிறவர்கள் யார் என்று கேட்டாயே, எல்லாரும்தான். இதய மாத்திரை வாங்காமல் இருப்பார்கள், தரை வாடகை கட்டாமல் இருக்கமாட்டார்கள். வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்?

இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக எழுதிவை. கடன் கொடுக்கிறவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை வரும் இல்லையா?

அன்பு அக்கா,
கிளாரிஸ்

—

பாஸ்டன்
1998 ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய விவரங்கள் மிகவும் உதவின. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறாய்.

கையெழுத்துகளை வாங்கிவிடு. ஆனால் மூலத் தாள்களை அந்த அம்மாளிடம் கொடுக்க வேண்டாம். ஒரு சொல் பிசகினாலும் எல்லாம் செல்லாமல் போகும். எனக்கு அனுப்பு. பிரதி எடுக்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால் குழப்பம்தான்.

ஒரு நல்ல செய்தி. மெரடித் கர்ப்பமாக இருக்கிறாள். கூடவே என் வேலையிலும் ஒரு முன்னேற்றம் வரலாம். ஒரு விஷயம் முடிந்தால் என்னைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வார்கள். எனக்காக வேண்டிக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நார்மன்

—

ஹெம்லாக் பார்க்
1998 மே 12

அன்புள்ள தம்பிக்கும் என் தம்பி பெண்டாட்டிக்கும்,

குழந்தைச் செய்தி படித்ததும் கடிதத்தோடு வெளியே ஓடினேன், முழங்கால் வலி மறந்துபோயிற்று. மெரடித்துக்கு வாந்தி இருக்கிறதா? இஞ்சி பிஸ்கட் சாப்பிடச் சொல். உன் வேலை விஷயம் முடிய ஞாயிறு பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பார்க்கில் பாதிப் பேர் ஏற்றினார்கள், உனக்காக.

கையெழுத்தெல்லாம் ஆயிற்று. நானும் மாமாவும் வீடு வீடாகப் போனோம். சேறு, நாய், மழை, எதையும் விடவில்லை. கிழவி பூதேட், "நார்மன்கிட்டயா போகுது? அப்ப சரி" என்று படிக்காமலே போட்டாள். வேண்டாம் என்றவர்கள் மூன்று வீடுதான்.

ஹாத்தவே அம்மாளுக்குத்தான் கோபம். மூலத் தாள் தன்னிடம் இருக்க வேண்டும் என்றாள், பிரதியாவது எடு என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க தம்பி எந்த ஆபீஸ்ல வேல பாக்கறார்?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அவன் எங்க வேல பாத்தா உங்களுக்கென்ன? அவன் எங்க ஆளு. நீங்கதான் வெளியாளு" என்று சொல்லிவிட்டேன். கூட்டமே சிரித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்னவோ.

தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி போடு.

கிளாரிஸ்

—

ஹெம்லாக் பார்க்
1998 ஜூன் 24

அன்புள்ள நார்மன்,

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மெரடித்துக்கா? மே மாதம் எழுதினேன், ஜூனில் இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை. கோபிக்காதே, அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள். அக்கா என்றேன். "அவருக்கு அக்கா இருக்காங்களா?" என்றாள். கூட்டத்தில் இருக்கிறாய் என்றாள். நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் கூட்டம்.

தவணைக்கு இன்னும் ஆறு நாள்தான். காலையில் வாசலைத் திறந்தால் யாராவது நின்று கேட்கிறார்கள். நார்மன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வறண்டுவிட்டது. ஆல்சீட் மாமா மட்டும் கேட்பதில்லை. ஹட்சின்ஸிடம் சேர்த்துவிட்டாய் என்று ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கிளாரிஸ்

—

பாஸ்டன்
1998 ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்களைத் தாமதமாகத்தான் பார்த்தேன். வெளியூர் வேலை, மெரடித்தின் உடல்நிலை, இரண்டுமாகச் சேர்ந்துகொண்டன. இப்போது அவள் நலம்.

தாள்களில் நான் அஞ்சியபடியே பிழைகள் இருந்தன. சரிசெய்வதற்குள் தேதி கடந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார். நம் பார்க் ஆட்களால் ஒரு நிலத்தை நிர்வகிக்க முடியுமா? யார் சாலை போடுவது என்று பத்து வருடம் சண்டை போட்டிருப்பார்கள். புதிய உரிமையாளர்கள் நல்லபடியாகச் செய்யக்கூடும். பொறுத்திருந்து பார்.

முழங்காலுக்கு என்ன செய்தாய்?

நார்மன்

—

ஹெம்லாக் பார்க்
1998 ஆகஸ்ட் 17

நார்மன்,

நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். உன் படத்தைப் பார்த்தேன்.

புதுக் கம்பெனி அதே தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டது. டோனட்டும் காப்பியும் வைத்திருந்தார்கள். கிரெக் என்று ஒரு இளைஞன் வந்திருந்தான், வெள்ளைப் பல், வாய் ஓயாத சிரிப்பு. தரை வாடகை அக்டோபரிலிருந்து எவ்வளவு என்று சொன்னான். ஆளாளுக்கு விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். அவனோ எங்களைப் பாராட்டத் தொடங்கினான். "உங்களப் பத்தி நாங்க நல்லாக் கேள்விப்பட்டிருக்கோம். மருந்து வாங்காட்டாலும் வாங்காம இருப்பீங்க, வாடகைய நிறுத்த மாட்டீங்களாமே. அப்படிப்பட்ட நாணயமான ஜனங்க" என்றான். நான் காப்பியைக் கீழே வைத்தேன். அது என் வாக்கியம், நார்மன். என் சமையல் மேசையில் உட்கார்ந்து நான் உனக்கு எழுதியது.

அதோடு விட்டானா? திரையில் உன் படத்தைப் போட்டான். நீல டை, பின்னால் கப்பல் துறை. "இவரு யாருன்னு தெரியுதா? இதே பார்க்ல வளந்தவரு. இந்த எடத்த எங்களுக்குக் காட்டிக் குடுத்ததே இவர்தான். இன்னிக்கு எங்க கம்பெனில பங்குதாரர். உழைச்சா எங்க வேணா போலாம்ங்கறதுக்கு இவரவிட சாட்சி வேணுமா?" என்றான். தானே கை தட்டினான். வேறு ஒருவரும் தட்டவில்லை. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது, திரையை விட்டு என் பக்கம்.

கிழவி பூதேட் நேரே வந்தாள். "என் கையெழுத்து எங்கடி?" என்றாள். வீடு வீடாகப் போய் வாங்கினவள் நான். அந்த அம்மாளை விரட்டினவள் நான். பிரதி வேண்டாம் என்றவள் நான். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. ஆல்சீட் மாமா மட்டும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வார்கள். நீ வேலியாகக்கூட இருக்கவில்லை. நாங்கள்தான் உன்னைச் சுற்றி வேலியாக இருந்தோம்.

தாள்கள் எங்கே? அதை மட்டும் எழுது.

கிளாரிஸ்

—

பாஸ்டன்
1998 செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மெரடித் நலம். டிசம்பரில் குழந்தை.

கிரெக் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவனைக் கண்டித்துவிட்டேன்.

நீ கோபமாக இருக்கிறாய். சட்டப்படி நான் உங்கள் வக்கீல் என்று எங்கும் கையெழுத்துப் போடவில்லை. நீ அனுப்பிய தாள்களைத் தம்பியாகத்தான் வாங்கி வைத்தேன், தொழில்முறையில் அல்ல. இதை நீ புரிந்துகொள்வது நல்லது. பார்க்கை நாங்கள் வாங்கியிருக்காவிட்டால் இன்னொருவன் வாங்கியிருப்பான், இன்னும் கடுமையானவன். இந்த அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அப்பா இருக்கிறார், மாமனார் இருக்கிறார், பள்ளித் தோழர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அவர்களிடம் இல்லாதது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஹெம்லாக் பார்க் எனக்குத் தெரியும். அதை விற்றேன். வேறு எதை விற்பேன்?

உன்னை நான் மறக்கவில்லை. பார்க்குக்கு ஒரு மேலாளர் வேண்டும். அந்த வேலை உனக்கு. தரை வாடகை கிடையாது, ஆயுள் முழுக்க. மருத்துவக் காப்பீடும் உண்டு, முழங்கால் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். முதியோர் இல்லத்தில் இனி யாரையும் தூக்கிப் புரட்ட வேண்டியதில்லை.

யோசித்து எழுது.

நார்மன்

—

ஹெம்லாக் பார்க்
1998 அக்டோபர் 26

நார்மனுக்கு,

முதலில் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அது ஒரு மாதத்துக்கு முன்னால்.

இந்த மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் பனி விழுந்தது. பனி தள்ளுகிற பையன் என் வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போனான். கடையில் என் முறை வந்தால் பேச்சு நிற்கிறது. கோவிலில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்கு வழக்கம்போல என் பானையைக் கொண்டுபோனேன். நீண்ட மேசை, பத்துப் பதினைந்து பானை. எல்லாம் வழித்துத் துடைத்துக் காலியாயிற்று, என் பானையில் கரண்டி படவில்லை. ஆல்சீட் மாமா பார்த்துவிட்டு வந்து மூன்று தட்டு தின்றார். "கிளாரிஸுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் கூடவே போனேன், என்னையும் சேத்துத் திட்டுங்க" என்று அத்தனை பேரிடமும் சத்தம் போட்டார். மறுநாள் வயிற்று உப்புசத்தில் படுத்துவிட்டார், பாவம். நல்ல மனிதர்.

பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது முழங்கால் மடங்கி விழுந்தேன். பனியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். பெயர் கெட்டாயிற்று, கூலியையாவது வாங்கினால் என்ன? நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

மேலாளர் வேலையை ஏற்றுக்கொள்கிறேன். காப்பீட்டுத் தாளை உடனே அனுப்பு.

மெரடித்துக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

கிளாரிஸ்

—

பாஸ்டன்
1999 ஜனவரி 11

என் அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். உன் மூக்கு அவளுக்கு. பார்த்ததும் உன் ஞாபகம்தான். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது என்று அறிந்து மகிழ்ந்தேன்.

கிரெக் உன்னைப் பற்றி வியந்து பேசுகிறான். ஒரு மேலாளரும் முதல் இரண்டு மாதத்தில் இப்படி வேலை செய்ததில்லையாம். நேற்று அவன் காட்டிய பட்டியலில், காலி செய்ய வேண்டியவர்களில் முதல் பெயர் ஆல்சீட் மாமா. காரணம் என்று எழுதியிருப்பது: கூரைமேல் டயர், வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டு, முன்னால் விறகு அடுக்கு, வாடகை பாக்கி.

அக்கா, அவரை விட்டுவிடு. காற்றில் தகரம் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தானே டயர் வைக்கிறார், அடியில் குளிர் ஏறாமல் இருக்கத்தானே வைக்கோல். அவர் லாரியில் கல்லூரிக்குப் போன நாள் எனக்கு மறக்கவில்லை. வழியெல்லாம் என் கையில் ரொட்டியைத் திணித்துக்கொண்டே வந்தார். குழந்தை பிறந்த பிறகு இரவில் தூக்கம் வருவதில்லை, இதையெல்லாம் நினைக்கிறேன். பாக்கியை நான் கட்டிவிடுகிறேன். வெளியேற்றும் தேதி பிப்ரவரி 9 என்று பார்த்தேன். அதற்குள் நிறுத்திவிடு. நான் உன்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

உன் தம்பி,
நார்மன்

—

ஹெம்லாக் பார்க் அலுவலகம்
1999 பிப்ரவரி 20

அன்புள்ள நார்மனுக்கு,

குழந்தைக்கு என் ஆசி. மெரடித் நன்றாகச் சாப்பிடட்டும். என் முழங்கால் இப்போது மாடிப்படிகூட ஏறும், இங்கேதான் மாடி இல்லை.

ஆல்சீட் மாமாவை ஒன்பதாம் தேதி காலையில் வெளியேற்றினோம். ஷெரிப்பின் போலீஸ் ஆள் வந்திருந்தான். வீட்டை இழுக்கப் பார்த்தார்கள், அடிச்சட்டம் இரண்டாக உடைந்துவிட்டது. அங்கேயே பிரித்துக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். அவர் விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

அவரை ஏன் முதலில் என்று நீ கேட்கலாம். இந்தப் பார்க்கில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டில் நோட்டீஸ் ஒட்டினால், வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்கள். ஒருத்தரும் பணம் கட்டமாட்டார்கள். அவரையே போகச் சொன்ன பிறகு ஒருவர் வாயும் திறக்கவில்லை. இந்த மாதம் பூதேட் கிழவிகூடத் தேதிக்கு முன்பே கட்டிவிட்டாள். கிரெக் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், எனக்கு இந்த வேலை வருகிறது.

போகும்போது மாமா என் அருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன் கிளாரிஸ், ஆரம்பத்துலயே நீயும் அவன்கூடத்தான் இருந்தியா? அப்பவே சொல்லிருக்கலாம்ல. உனக்காக எத்தன பேருகிட்டச் சண்ட போட்டேன்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் நம்பியிருப்பார், அதை என்னால் தாங்க முடியாது. இருமிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்துக்குப் புது ஆள் வந்தாயிற்று.

உன் கடிதம் எனக்கு ஜனவரி பதினான்காம் தேதியே கிடைத்துவிட்டது. தபால்காரர்மேல் பழி போட வேண்டாம். உடனே படித்தேன், இரண்டு தடவை படித்தேன். ஆனால் அது வெறும் வெள்ளைத்தாளில் இருந்தது, கீழே "உன் தம்பி" என்று எழுதியிருந்தாய். நானும் அக்காவாகத்தான் வாங்கி வைத்தேன், தொழில்முறையில் அல்ல. அடுத்த தடவை யார்மேலாவது இரக்கம் வந்தால் கம்பெனித் தாளில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளாரிஸ்
மேலாளர்